குட்டி கிடையாது

"உங்களுக்குக் குட்டி கிடையாது. போயிட்டு வாங்க."

கூண்டுக்காரர் பட்டென்று இப்படிச் சொன்னதும் கவுன்ட்டர் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நகராட்சி நாய்க் காப்பகத்தில் அவள் புதுசு. நகராட்சி வண்டியில் பிடித்துவரும் தெருநாய்களை நல்ல வீடாகப் பார்த்துத் தள்ளிவிடுவதுதான் அவள் வேலை. கெடு முடிந்தும் யாரும் கேட்டு வராத நாய்க்கு டாக்டர் வந்து ஊசி போட்டுவிடுவார். அதை இங்கே சாவு என்று சொல்வதில்லை. 'கூண்டு காலியாச்சு' என்பார்கள்.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிற இந்த மனிதருக்கு ஆபீசில் 'உர்' என்று பட்டப்பெயர். உள்ளே இருக்கும் எந்த நாயும் இவர் அளவுக்கு உறுமாது.

குட்டி கேட்டு வந்திருந்த கண்ணாடிக்காரரோ தங்கமான மனிதராகத் தெரிந்தார். வந்ததும் பையிலிருந்து ஒரு பழைய தோல் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அகலமான பட்டை. அதில் குட்டியாக ஒரு மணி.

"எங்க பழைய நாயோடதும்மா. போன வாரம் செத்துப்போச்சு. இந்த மணிச் சத்தம் இல்லாம வீடே வெறிச்சோடிக் கிடக்கு. பிள்ளைங்க சரியாவே சாப்பிடறதில்ல."

சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

அவளே அவரைக் கூண்டுகள் பக்கம் அழைத்துப்போனாள். பட்டையைக் கையில் ஆட்டிக்கொண்டே நடந்தார். எல்லா நாய்களும் குரைத்தன. கடைசிக் கூண்டில் இருந்த கிழட்டு நாய் மட்டும் குரைக்கவில்லை. எழுந்து வந்து, கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு, வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். "நாத்தம் தாங்கலம்மா. முன்னாடி இருந்த அந்த வெள்ளைக் குட்டியே போதும்" என்று திரும்பிவிட்டார்.

அப்போதுதான் உர் குறுக்கே வந்து நின்று, குட்டி கிடையாது என்றார்.

"ஏன் அண்ணே? எல்லாம் நல்லபடியாத்தானே இருக்கு?" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்காரரைத்தான் பார்த்தார்.

"பழைய நாய் எப்படிச் செத்துச்சு?"

"வயசாயிடுச்சு."

"எங்க புதைச்சீங்க?"

கண்ணாடிக்காரர் முகம் சுருங்கிப்போனது. "இதெல்லாம் கேக்கற கேள்வியா? வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறீங்களே."

அவளுக்கு உடம்பே கூசியது. எழவு வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வியா கேட்கிறார் இந்த மனிதர்?

உர் விடவில்லை. "நாய்தானே வேணும்? அந்தக் கடைசிக் கூண்டுல இருக்கறதைக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே திறந்துவிடறேன்."

"கிழட்டு நாயா? அதுவும் ரெண்டு நாள்ல போயிட்டா எங்களால தாங்க முடியாதுங்க."

நியாயம்தானே என்று அவளுக்குப் பட்டது.

"அண்ணே, நாய்க்குத் தெரியாதா நல்லவங்க யாருன்னு? அந்தக் கிழமே இவரைப் பார்த்து எப்படி வாலாட்டுது பாருங்க. உங்களைப் பார்த்து ஒரு நாளாவது ஆட்டியிருக்கா?"

உர் திரும்பி அந்தக் கடைசிக் கூண்டைப் பார்த்தார்.

அவள் அதற்குமேல் பொறுக்கவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "அந்த ஆளோட இதே ரோதனை. குட்டியைக் குடுத்து அனுப்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

பட்டை குட்டியின் கழுத்தில் நிற்கவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றித்தான் மாட்ட வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் அவளுக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். "உங்களை மாதிரி மனசு எல்லாருக்கும் இருக்காதும்மா" என்றார். மணி கிணுகிணுக்க, குட்டி அவர் தோளில் சாய்ந்துகொண்டு வெளியே போனது.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அவள் உள்ளே வந்தாள். உர் கடைசிக் கூண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கிழட்டு நாய் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வாசலில் மணிச் சத்தம் கேட்கிற வரைக்கும் அதன் வால் ஆடியது. கார் கிளம்பிப் போனதும் நின்றுவிட்டது.

"வந்த நாள்லேர்ந்து இது படுத்த படுக்கைதாம்மா" என்றார் உர். குரலில் உறுமல் இல்லை. "பாலை வெச்சாலும் மோந்துகூடப் பாக்கல. தலையைத் தூக்கல. இன்னிக்குத்தான் எழுந்து நின்னுச்சு."

அவள் அப்போதுதான் அதன் கழுத்தைப் பார்த்தாள். முடி தேய்ந்துபோய், அகலமாக ஒரு வளையம். அந்தப் பட்டையின் அகலம்.

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? என் நாயே இல்லைம்பார். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். இது வாயில்லா ஜீவன், சாட்சி சொல்லவா போகுது? வாய் இருந்தாலும் அவரைக் காட்டிக் குடுக்காதும்மா. அப்பவும் வாலைத்தான் ஆட்டும்."

நாய் மெல்ல மடங்கி, பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"அப்போ இதுக்குக் கெடு..."

"இன்னியோட முடியுது." உர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "செத்துப்போச்சுன்னு உன்கிட்ட சொன்னார்ல? அந்தப் பொய்யை நாளைக்கு டாக்டர் வந்து நிஜமாக்கிடுவார்."