கண்ணுக்கு எட்டாத தூரம்

மெல்பேர்னுக்கு மேற்கேயுள்ள சதுப்பில், தாரா வேட்டைப் பருவத்தின் முதல் காலை விடிகிறது. சுகிர்தன் சுட்ட தாரா தொலைவில் விழுந்து கிடக்கிறது. தோளில் பழைய காயம் இருப்பதால், உதை குறைந்த சின்னக் குழல் துவக்குத்தான் அவனிடம் இருக்கிறது. ஆனால் அதன் தோட்டாவிலுள்ள டங்ஸ்டன் உலோகச் சன்னங்கள் ஈயத்தைவிடப் பாரமானவை; அவன் கண்ணுக்குத் தெளியாத தூரத்துக்கும் போய் அடிக்கின்றன. அதுதான் இப்போது அவனைப் பயமுறுத்துகிறது. "கறுப்புத் தாராதானே?" என்கிறான். "வெளிச்சம் காணாது. நான் வடிவாப் பாக்கேல்லை," என்கிறாள் மனைவி கஜந்தி, விழுந்த பறவையை நோக்கி இடுப்பளவு தண்ணீரில் நடந்தபடி. கறுப்புத் தாராவைச் சுடலாம். பாதுகாக்கப்பட்ட இனமான புள்ளித் தாராவைச் சுட்டால் குற்றம். வழக்கென்று வந்தால், அடுத்த கிழமை கிடைக்கவிருக்கும் குடியுரிமை என்னாகும்? அவன் துவக்கை மடித்து வெற்றுத் தோட்டாவை எடுக்கிறான். விரல்களில் வெடிமருந்து மணக்கிறது. நாணலுக்கு அப்பால், வேட்டையைக் கண்காணிக்கும் அதிகாரிகளின் படகுச் சத்தம் கேட்கிறது. கஜந்தி பறவையைத் தூக்கிக்கொண்டு அவனருகே வந்து திருப்புகிறாள். கரும்பழுப்பு இறகெங்கும் வெண்புள்ளிகள். அவள் சட்டென்று அதைத் தன் மேற்சட்டைக்குள் செருகப் பார்க்கிறாள்.

"ஒளிக்காதையும், கஜந்தி."

"உங்களுக்கென்ன விசரோ? அடுத்த கிழமை…"

"தெரியும்."

படகு நாணலை விலக்கிக்கொண்டு வருகிறது. சுகிர்தன் காலித் துவக்கைப் புல்லில் வைத்துவிட்டுக் கையை உயர்த்துகிறான். "ஓவர் ஹியர்!" என்று கத்துகிறான்.