ஓட்டையைத் தாண்டிப் போகும் கோடு

கண் அவிந்தவர்களா இவர்கள், பள்ளத்தின் மேலேயே கோடு போட்டிருக்கிறார்களே. நடைபாதையின் வெள்ளைக் கோடு, உடைந்த சாக்கடை மூடியின் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் புதுப் பெயின்ட்டின் ஈரம் மின்ன மறுபடி தொடங்குகிறது. போன மாதம் அவள் கணவன் விழுந்து காலை முறித்துக்கொண்ட ஓட்டை அது. சரிசெய்யச் சொல்லித் தெருவில் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தவள் அவள்தான். மாநகராட்சிப் பொறியாளர் ஜீப்பின் முகப்பில் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்து நீட்டுகிறார். நடைபாதை வேலை முடிந்ததென்று தெருச் சங்கச் செயலாளரான அவள் கையெழுத்திட வேண்டும்.

"நாம சேர்ந்து செஞ்ச வேலைம்மா. இதை முடிச்சாதான் உங்க தெருவுக்கு விளக்கு வரும்."

"போட்டுடுக்கா, எதுக்கு வம்பு," என்கிறாள் எதிர்வீட்டுக்காரி.

உள்ளே எரிவது குரலில் ஏறாமல், அவள் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைக்கிறாள்.

"நாங்க இருட்டுலயே இருந்துக்கறோம் சார்."