பொருந்தாத இரண்டு வரிகள்

“ஆர் ஆர் எங்கை இருக்கினம் எண்டதையும் எழுதப்போறியளோ அண்ணை?” கிளிபோட் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார்.

“கூட்டம் எண்டால் முறைப்படி எழுதத்தான் வேணும்,” என்றார் ஜெயரட்ணம். எழுதியும் விட்டார். யன்னல் பக்கம் தலைவர் இராஜரட்ணம். அவருக்கு நேர் எதிரே பொருளாளர் கிளிபோட். மேசைத் தலைப்பில் செயலாளராகிய தாம். குசினி வாசலோரக் கதிரையில், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து குந்திய ஜெயரட்ணத்தின் மனைவி யோகராணி. ரூஜ் வட்டாரத்து மூத்தோர் மன்றத்தின் மற்ற உறுப்பினர்கள் பனியைச் சாட்டி வரவில்லை.

எடுத்த காரியம் பெரிது. உக்ரேன் போர் விஷயத்தில் கனடா என்ன செய்ய வேண்டும் என்று தொகுதி எம்.பி.க்கு மன்றத்தின் பெயரில் ஒரு கடிதம். யோசனை ஜெயரட்ணத்துடையது. இன்றைக்கே மூவரும் ஒப்பம் வைத்து அது தபாலில் சேர்ந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவரே.

“கேளுங்கோ,” என்று வாசித்தார். “இரு படைகளும் இப்போது நிற்கும் இடத்திலேயே நிற்க, போர் உடனே நிறுத்தப்பட வேண்டும்.”

இராஜரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தார். “நிக்கிற இடத்திலேயோ? அப்ப பிடிச்ச காணி பிடிச்சவனுக்கோ? ஐசே, ஒரு முழ வேலிக்காகக் கோட்டுப்படி ஏறி இறங்கின மனிசன்ரை மகன் நீர்! ரஷ்யாக்காரன் உமக்கென்ன சம்பந்தியோ?”

“அப்பர் வழக்கிலை வெண்டவர். வேலியும் மிஞ்சேல்லை, வீடும் மிஞ்சேல்லை. சண்டை நிண்டால் சனமாவது மிஞ்சும்.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ,” என்று கிளிபோட் சிரித்தார். “உது அவை ரெண்டு பேரும் மட்டும் பிடிக்கிற சண்டையோ? இஞ்சாலை அமெரிக்கா, அங்காலை சீனா. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. பெரியாக்கள் கை குடுக்கிற அண்டைக்குத்தான் உது முடியும். முத்திரை ஒட்டாமல் போற கடிதத்துக்கு நீங்கள் ஏன் அடிபடுறியள்?”

எம்.பி.க்குப் போகும் கடிதத்துக்கு இங்கே முத்திரை தேவையில்லை. வழக்கமாக இந்த மாதிரிப் பகிடிக்கு முதலில் சிரிப்பவர் ஜெயரட்ணம்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“பெரியாக்கள் கை குடுக்கும் மட்டும் பங்கருக்குள்ளை இருக்கிற பெடியள் என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

“அதைத்தானே நானும் கேக்கிறன்!” இராஜரட்ணம் மேசையில் தட்டினார். “பேசுறம், பேசுறம் எண்டு சொல்லி கனடாக்காரர் ஆயுதச் சாமான் குடுக்கிறதை நிப்பாட்டினால் முதல் சாகிறது அந்தப் பெடியள்தான். மேலை ட்ரோன் வரேக்கை அண்ணாந்து பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ? எங்கடை ஊரிலையும் ஒப்பந்தம் எழுதினவைதானே. மை காய முதல் ஷெல் விழுந்தது. மறந்துபோச்சோ?”

ஜெயரட்ணத்தின் பேனை தாளிலேயே நின்றது. வெறும் கோப்பைகளை எடுக்க எழுந்த யோகராணி, எடுக்காமல் திரும்பவும் இருந்தார்.

“இன்னொண்டு, கோவியாதையும்,” என்றார் இராஜரட்ணம். “நாங்கள் பிள்ளையளைச் சண்டைக்குக் குடுக்காமல் பிளேன் ஏறின ஆக்கள். நிண்டு பிடிக்கிறவனைப் பாத்து, விட்டிட்டு வா எண்டு சொல்ல எங்களுக்கு வாயில்லை.”

“தலைவர், அது கூடிப்போச்சு,” என்று கிளிபோட் முணுமுணுத்தார்.

ஜெயரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, முதல் வரியை வெட்டாமல், அதன் கீழே இன்னொன்று எழுதினார். அதையும் வாசித்தார்.

“போர் நிற்கும் நாள் வரைக்கும், வான் பாதுகாப்புக் கருவிகளும் காயக்காரருக்கு மருந்தும் தாமதியாமல் அனுப்பப்பட வேண்டும்.”

கிளிபோட் வாய்விட்டுச் சிரித்தார். “அண்ணை, மேல் வரியிலை சண்டையை நிப்பாட்டு. கீழ் வரியிலை சண்டைக்குச் சாமான் அனுப்பு. எம்.பி. தலையைச் சொறியப்போறார்!”

“எந்தப் பக்கம் ஐசே நீர்?” என்றார் இராஜரட்ணம். “முப்பது வருசமாய் உம்மடை கடிதங்களைப் பாக்கிறன். ஒண்டுக்கொண்டு பொருந்தாமல் நீர் ஒரு வசனம் எழுதினதில்லை. ஏதாவது ஒண்டை வெட்டும்.”

“வெட்டமாட்டன். ரெண்டும் வேணும். ஒப்பம் வையுங்கோ.”

அப்படி ஒரு கெஞ்சலை அவர் குரலில் அவர்கள் முன்பு கேட்டதில்லை. இராஜரட்ணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி ஒப்பம் வைத்தார். கிளிபோட்டும் வைத்தார்.

அவர்களுடைய கார் திரும்பிப் போனதும் யோகராணி வந்து கடிதத்தை எடுத்தார். இரண்டு வரியையும் விரல் வைத்து வாசித்தார்.

“ரெண்டும் சரியாய்த்தான் இருக்கு,” என்றார். “இவைக்கு இண்டைக்காவது சொல்லியிருக்கலாம்.”

“ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு கேட்டிருக்கிறான். அந்த ஒரு சொல்லையாவது காப்பாத்துவம்.”

கடிதத்தை உறையிலிட்டு, பசையை நக்கி, ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினார். பனியில் சறுக்காமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தெருமுனைத் தபாற்பெட்டி வரைக்கும் நடந்தார்கள். பெட்டியின் வாயில் உறையை வைத்த ஜெயரட்ணம் அதை விடாமல் நின்றார்.

“போடுங்கோ,” என்றார் யோகராணி. “அங்கை இப்ப நடுச்சாமம். உக்ரேன் ஆமிக்காரன்ரை உடுப்போடை எங்கடை மகன் பங்கருக்குள்ளை முழிச்சிருப்பான்.”

உறை உள்ளே விழுந்தது.