எடுத்தவன் கொடுக்கணும்

"உங்க லண்டன் மியூசியத்துல எங்க கிரேக்கச் சிலையெல்லாம் வெச்சிருக்கீங்களே, அதைப் பார்க்க டிக்கெட் உண்டா?"

மெட்ரோ ரயிலில், பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கேட்டார் ஸ்டமாட்டிஸ்.

"இல்லீங்க சார். இலவசம்தான்" என்றான் எட்மண்ட்.

"பின்னே? திருட்டுப் பொருளைக் காட்டிக் காசு வேற வாங்குவீங்களா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஸ்டமாட்டிசுக்கு அது போதும்.

ஏதென்ஸ் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு, பேசினால் கேட்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் ஒரே மகள் அர்கிரோ, போயும் போயும் ஓர் இங்கிலீஷ்காரனைக் கொண்டுவந்து நிறுத்தி, "இவரைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றால் சும்மா இருப்பாரா?

"முதல்ல நம்ம மியூசியத்தைப் பார்க்கட்டும். அப்புறம் பதில் சொல்றேன்" என்று ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பையனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

எட்மண்ட் சில வருஷங்களாக ஏதென்ஸில் வேலை பார்க்கிறவன். கிரேக்க மொழி நன்றாகவே தெரியும். அதனால் ஒரு திட்டும் வீணாகவில்லை.

மியூசியத்தின் மேல்தளத்தில், பழுப்பேறிய பழைய சிற்பங்களுக்கு நடுவே சில மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

"அந்த வெள்ளையெல்லாம் என்னன்னு தெரியுதா?"

"நகல் சார். அசல் எங்க ஊர்ல இருக்கு."

"வெட்கமா இல்ல?"

"இருக்கு சார்."

இப்படி ஒத்துக்கொள்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

"தலையாட்டினா மட்டும் ஆச்சா? எடுத்தவன் கொடுக்கணும். கொடுத்துட்டு அப்புறம் பொண்ணு கேட்டு வரணும்."

வீட்டில் மதியச் சாப்பாட்டிலும் அதே கச்சேரிதான். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் மேஜைக்கு வந்த பிறகும் அவர் ஓயவில்லை.

"பையனை உட்காரவாவது விடு ஸ்டமாட்டிஸ்" என்றாள் மனைவி ஃபோதினி. "சிலையை இவனா தூக்கிட்டுப் போனான்?"

"இவன் இல்லேன்னா இவன் தாத்தனுக்குத் தாத்தன்."

"நீ வா தம்பி. ஒரு நாற்காலி குறையுது. பின்னாடி பால்கனியில இருக்கு, எடுத்துட்டு வாயேன்."

எட்மண்ட் பின்பக்கம் போனான்.

ஒயினை ஊற்றிக்கொண்டிருந்த ஸ்டமாட்டிசுக்குத் திடீரென்று என்னவோ உறைத்தது. பாட்டிலைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினார்.

நேரம் கடந்துவிட்டது. சலவை மெஷின் பக்கத்தில் எட்மண்ட் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மெஷினின் ஒரு கால் ஆடாமல் இருக்க, அடியில் ஒரு பளிங்குக் கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் கை. கைக்குள் ஒரு புறா. விரல் நகம்கூடத் தெரிந்தது.

"எங்க அப்பா நிலத்தை உழும்போது கிடைச்சது." அன்றைக்கு முதல் தடவையாக மெதுவாகப் பேசினார் ஸ்டமாட்டிஸ்.

"அரசாங்கத்துக்குச் சொல்லணும் இல்லையா சார்?"

"சொல்லணும்தான். சொன்னா வாங்கிட்டுப் போய் கிடங்குல போட்டுடுவான். அங்கே யாரு பார்க்கப் போறா? இங்கேன்னா மழை படாம, வெயில் படாமப் பத்திரமா இருக்கு. நாங்க நல்லாத்தான் பார்த்துக்கிறோம்."

துணி பிழிய ஆரம்பித்த மெஷின் கல்லின் மேல் கடகடவென்று ஆடியது.

"எங்க ஊர்லயும் இதையேதான் சார் சொல்றாங்க."

கிண்டல் செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தார். இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"அர்கிரோவுக்குத் தெரியாது. ஏதோ கல்லுன்னு நினைச்சிட்டிருக்கா. அவகிட்ட மட்டும்..."

"சொல்ல மாட்டேன் சார். நாளைக்குக் காலையில தொல்லியல் ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுத்துடலாம். நானும் கூட வரேன். மெஷினுக்கு ஒரு மரக்கட்டை வாங்கி வெச்சுடறேன்."

"இத்தனை நாள் எங்கே இருந்ததுன்னு கேட்பானே?"

"கேட்பாங்க. திட்டுவாங்க. வாங்கிக்கலாம்."

ஸ்டமாட்டிஸ் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒரு நாற்காலிக்கு ரெண்டு ஆளா?" என்றாள் ஃபோதினி.

"பையன் நல்ல பையன்" என்றார் அவர். "தேதி பார்த்துடலாம்."

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை. மெட்ரோவில் நல்ல கூட்டம். பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய கல், மாமனார் மடியில் பாதி, மாப்பிள்ளை மடியில் பாதி. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியதில் துணி விலகிப் பளிங்குக் கை வெளியே தெரிந்தது.

எதிரே இருந்த அம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இது அந்தக் காலத்துக் கல்லாச்சே. உங்ககிட்ட எப்படி வந்தது?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஸ்டமாட்டிஸ் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒரு நிமிஷம்தான். பிறகு அந்தப் பழைய குரல் பெட்டி முழுக்கக் கேட்டது.

"நல்லாக் கேளுங்கம்மா. இந்த இங்கிலீஷ்காரன் ஒளிச்சு வெச்சிருந்தான். நான்தான் புத்தி சொல்லி, திருப்பிக் கொடுக்கக் கூட்டிட்டுப் போறேன்."

அந்த அம்மாள் எட்மண்டை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

எட்மண்ட் விலகிய துணியை இழுத்து மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சுடுங்கம்மா" என்றான். "இனிமே எடுக்க மாட்டேன்."