இந்தி சொல்லித்தரும் கல்லூரி

இதழியல் படிக்க மெர்சி போனில் காட்டிய மூன்றாவது கல்லூரிக்கும் அவள் அப்பா எட்வர்ட் அதையேதான் கேட்டார். "இங்க இந்தி சொல்லித்தருவாங்களா?"

"தமிழ்ப் பேப்பர்ல எழுதப்போறேன். இந்தி இன்னாத்துக்குப்பா? டெல்லிக்கா அனுப்பப்போற?" என்று எரிந்து விழுந்தாள்.

எட்வர்ட் பர்ஸிலிருந்து ஒரு பழைய செய்தித்தாள் துண்டை எடுத்து நீட்டினார். 'கும்மிடிப்பூண்டி அருகே இயந்திரத்தில் சிக்கி வடமாநிலத் தொழிலாளி பலி.'

"என்னைத் தள்ளிவுட்டுட்டு அவன் மாட்டிக்கினான்."

மெர்சியின் குரல் தணிந்தது. "பேரைக்கூடப் போடலியே. நிருபர் யாரையும் கேக்கலியா?"

"என்னைத்தான் கேட்டாரு. மூணு வருசம் ஒரே மெஷின்ல நின்னோம். அவன் பாஷை எனக்குத் தெரியாது. அவங்க அண்ணனுக்குச் சொல்ற 'பையா'ன்னே கூப்ட்டுகினு இருந்தேன். பேரைக் கேட்டதே இல்லம்மா."