மெஷின் மூடி

இந்த மாதத்தில் மட்டும் பூவராகன் ஒன்பது கைகளை இழந்திருந்தார். எல்லாம் வைக்கோல் திணித்த சட்டைக் கைகள்தான். தீவனம் வெட்டும் மெஷினுக்குள் அவற்றை விட்டு, அசந்தால் என்ன ஆகும் என்று பண்ணை பண்ணையாகக் காட்டுவது அவர் உத்தியோகம். அவர் வீட்டுக் கொடியில் இப்போது கையில்லாத சட்டைகள்தான் காய்கின்றன.

அன்றும் கை பொடிப்பொடியாக வெளியே விழுந்தது. பண்ணைக்காரர் சிங்காரம் ரசித்துக் கைதட்டினார். அந்த மெஷினில் தினமும் வேலை பார்க்கும் பதினெட்டு வயது ரோகிணி மட்டும், போட்டிருந்த முழுக்கைச் சட்டைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

"பிளேடுக்கு மேல இரும்பு வலை மூடி ஒண்ணு இருக்குமே, எங்கண்ணே?" என்று கேட்டார் பூவராகன்.

"கழட்டிட்டாத்தான் சார் வேல வேகமா ஓடுது. மூடி பத்திரமா இருக்கு."

பத்திரமாகத்தான் இருந்தது. வேலியோரம் அதற்கடியில் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"பருந்து தூக்கிட்டுப் போயிடுது சார். பச்சப்புள்ளைங்க, பாவம்."

பூவராகன் ரோகிணியைக் காட்டினார். "இது?"

சிங்காரம் அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு மூடியைத் தூக்கிக்கொண்டு மெஷினை நோக்கி நடந்தார்.

குஞ்சுகள் சிதறின. மேலே பருந்து வட்டமிட்டது. பூவராகன் பெருமூச்சோடு குஞ்சுகளை ஒன்றுசேர்த்து, குந்தி உட்கார்ந்து, வகுப்புக்குக் கொண்டுவந்திருந்த 'பாதுகாப்பே முதல் கடமை' பேனரை அவற்றின்மேல் விரித்துப் பிடித்தார். தாய்க்கோழி அவர் முட்டியைக் கொத்தியது. பதினொரு மணிக்கு அடுத்த பண்ணையில் வகுப்பு.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"மூடியோட நாலு போல்ட்ல ஒண்ணுதான் சார் கெடச்சிருக்கு," என்றாள் ரோகிணி, மெஷினருகே தரையைத் துழாவியபடி. "கைய எடுத்துடாதீங்க."