அம்மா கேட்டது

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டரம்மா, இடது மார்பில் வைத்த பை கிழிந்துவிட்டது என்றார்.

உள்ளே இருந்த சிலிகான் கூழ் மெல்ல ஊர்ந்து அக்குள் நெறி வரைக்கும் போயிருக்கிறதாம். வலது பக்கம் கிழியவில்லை. ஆனால் அதுவும் இன்றோ நாளையோ என்று இருக்கிறதாம்.

நான் தலையாட்டினேன். புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை அவர். நான்கு மாதமாக இடது மார்பு கொட்டாங்குச்சி மாதிரி இறுகிக் கிடக்கிறது. மேடையில் கையைத் தூக்கிச் சுழன்றால் உயிர் போகும். சிரித்துக்கொண்டே சுழல்வேன். பட்டாயாவில் அழுமூஞ்சியைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

பக்கத்து நாற்காலியில் அம்மா. சேதி கேட்டதும் எங்கள் ஊர் யசோத்தோனிலிருந்து பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவள்.

இருபத்திரண்டு வயதில் வைத்துக்கொண்டவை இவை. ஆயுசுக்கும் இருக்கும் என்று அப்போது வைத்த டாக்டர் சொன்னார். யாருடைய ஆயுசுக்கு என்று நான் கேட்கவில்லை.

கட்டைப் பிரித்த அன்று கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். விச்சித் என்று ஆண்பிள்ளைப் பெயர் வைத்து, தலைமுடியை ஒட்ட வெட்டி, கால்சட்டை மாட்டிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட ஒருத்தி, முதல் முறையாகத் தன்னைத் தானே பார்த்த நாள் அது. தாரிக்கா என்று பெயரையும் அன்றைக்குத்தான் வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு மட்டும் நான் இன்னும் விச்சித்.

"ரெண்டையும் எடுத்துடணும்," என்றார் டாக்டரம்மா. "மறுபடி புதுசு வைக்க முடியாது. தோல் அவ்வளவு மெலிஞ்சுபோச்சு. சொந்த வயித்துச் சதையை எடுத்து வைக்கலாம்னா, உங்களுக்கு வயிறுன்னு ஒண்ணு இருந்தாத்தானே."

உண்மைதான். ஆட்டக்காரியின் உடைக்குள் புகுவதற்காக இருபத்துநான்கு வருடம் அரை வயிறு சாப்பிட்ட உடம்பு.

அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சீழ் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, இதோடு விளையாடாதீர்கள் என்றார்.

எனக்கு என் உடம்பு வேண்டும். வலியோடு என்றாலும் வேண்டும். அதை அந்த அறையில் யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அம்மாவுக்கோ இது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதை.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை சில நாளாவது பிக்குவாக இருந்தாக வேண்டும். பெற்றவள் அவன் காவியின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் சொர்க்கம் போவாள். அம்மா பெற்றது ஒரே பிள்ளை. அது நான். மார்போடு வந்தால் காவி கிடையாது, எடுத்துவிட்டு வந்தால் தருகிறேன் என்று கோயில் பெரியவர், நான் இவற்றை வைத்துக்கொண்ட முதல் வருடமே சொல்லிவிட்டார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. யார் வீட்டுப் பிள்ளை பிக்குவானாலும் ஊர்வலத்தில் முன்னால் போய் ஆடிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்வாள். "எதுத்த வீட்டு கம்பா மகன் இன்னிக்கு மொட்டை போட்டுக்கிட்டான்டா." அவ்வளவுதான். போனை வைத்துவிடுவாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இப்போது அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதில் துளி சந்தோஷம் தெரிந்தாலும் என்னால் தாங்க முடியாது. ஆனால் அவளுக்கும் எழுபத்தொரு வயதாகிவிட்டது. என் ஆசைதான் போகிறது, அவள் ஆசையாவது நிறைவேறட்டும்.

"எடுத்துடுங்க டாக்டர்," என்றேன்.

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன். "மழைக்காலத்துக்கு முன்னாடி ஊருக்கு வந்துடறேம்மா. மொட்டை போட்டுக்கறேன். பெரியவர்கிட்ட சொல்லிவெச்சுடு."

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். டாக்டரம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, நெற்றி விரலில் படும்வரை குனிந்தாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா, எங்கிட்ட ரெண்டு சும்மாதான தொங்குது. அதை எடுத்து எம் பொண்ணுக்கு வெச்சுடுங்க."

மூலையில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக் குனிந்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "அம்மா, அப்ப காவி?"

"பஸ்ஸுல வர்றப்பவே யோசிச்சுட்டேன். சொர்க்கத்துக்கு நான் நடந்தே போயிக்கறேன். நீ சும்மா இருடி."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். "அப்படிச் செய்ய முடியாதும்மா. மத்தவங்க சதை ஒட்டாது."

"மத்தவங்களா?" அம்மா உட்காரவில்லை. சட்டையின் மேல் பித்தானை அவிழ்க்க ஆரம்பித்தாள். "இவ குடிச்சு வளர்ந்ததுதான், டாக்டரம்மா."